மூளைக்குள் ஒரு போலி முத்திரை

மூளைக் கட்டியின் பெயரை மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது. எந்தச் சமிக்ஞை கட்டியை வளர்க்கிறது என்பதே இப்போது கேள்வி. வெதுருகுப்பத்துக் குடும்பம் ஒன்று அதற்கான விடையைச் சட்டைப் பையில் வைத்துச் சுமந்த கதை இது.

தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் சட்டம். அதில் உறைந்த வெள்ளை மெழுகு. நடுவே பட்டாணி அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒன்று. 2022 ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் இதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் மாமன் மகன் வெதுருகுப்பத்திலிருந்து சித்தூருக்கும் அங்கிருந்து பெங்களூருக்கும் பஸ் ஏறினான். வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று ஜன்னல் பக்கம் உட்காரவே இல்லை. (பயம் வீண். இந்த மெழுகு உருக 55 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்தூர் வெயில்கூட அவ்வளவு தூரம் போகாது.) மெழுகுக்குள் இருந்தது அவன் அப்பாவின் மூளையிலிருந்து எடுத்த துணுக்கு.

வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். சங்கப் பாடல்களில் மலைச்சாரல் வரும் இடங்களில் 'வெதிர்' என்று வருவதும் அதே மூங்கில்தான். குப்பத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மொழிக்கும் சொந்தமான பெயர். எங்கள் மாமா குடும்பமும் அப்படியே. வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் வேலை இல்லாத ஒரு இங்கிலீஷ்.

மாமாவுக்கு அப்போது 58 வயது. கடலையும் மாமரமுமாக வாழ்ந்தவர். இடது கையில் பிடித்த சாமான் நழுவியது. பிறகு ஒரு நாள் களத்து மேட்டில் வலிப்பு. ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் மூன்றே வாரத்தில் முடிந்தன. பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி: கிளியோபிளாஸ்டோமா, நான்காம் நிலை. இன்னொரு டாக்டரிடம் அதைக் காட்டியபோது, "மற்ற டெஸ்ட் எங்கே?" என்று கேட்டார். செய்யவில்லை. செய்வதற்கு மெழுகுக் கட்டி வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரி அதைத் திருப்பித் தரப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. சேமிப்பு அறையின் சாவியை வைத்திருந்தவர் லீவில் போயிருந்தாராம்.

பெங்களூர் ஆய்வுக்கூடத்தின் ரிப்போர்ட் வந்ததும் அது வாட்ஸப்பில் எனக்கு வந்தது. மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால், குடும்பத்தில் வரும் வங்கி நோட்டீஸ் முதல் விசா படிவம் வரை எல்லாம் என் தலையில்தான் விழும். இந்த முறை மூன்று வரிகள். ஐ.டி.எச்.: வைல்டு டைப். ஈ.ஜி.எஃப்.ஆர்.: ஆம்ப்ளிஃபைடு. எம்.ஜி.எம்.டி.: மெத்திலேட்டட்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "வைல்டு என்றால் காட்டுத்தனமானதா?" என்று அத்தை கேட்டார். இல்லை. மரபணு நூல்களில் 'வைல்டு டைப்' என்றால் இயற்கை கொடுத்தபடியே இருப்பது, திரிபு ஏற்படாதது. இயல்வகை என்று எழுதினேன். உடனே மாமன் மகன் கேட்டான்: "மாறாமல் இருக்கிறது என்றால் நல்லதுதானே, அத்தான்?"

நல்லதில்லை. ஏன் இல்லை என்பதை அவனுக்குச் சொல்லப் போய் நான் படித்தவைதான் இனி வருபவை.

சீக்கிரம் கண் திறந்த எலிகள்

ஒரு செல் வளர வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். இதை உலகம் தெரிந்துகொண்டதே ஒரு கட்டியை வைத்துத்தான். இத்தாலியில் யூத இனத்தவருக்கு எதிராக 1938இல் வந்த சட்டங்களால் வேலையிழந்து, தன் படுக்கையறையில் கோழி முட்டைகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர் ரீட்டா லெவி-மோன்டால்சினி. பின்னர் அமெரிக்கா போன அவர், எலியின் கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டியபோது கருவின் நரம்புகள் கட்டியை நோக்கிக் காடாக வளர்வதைப் பார்த்தார். கட்டி எதையோ சுரக்கிறது, அதுவே உத்தரவு என்பது அவர் ஊகம். ஊகத்தைச் சோதிக்க 1952இல் இரண்டு எலிகளை எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார்.

அவருடன் வேலை செய்த ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன. தோல் செல்களை அவசரப்படுத்தும் ஏதோ ஒன்று சாற்றில் இருந்தது. அதுவே ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

உத்தரவு இருந்தால் அதைக் கேட்கும் காதும் இருக்க வேண்டும் அல்லவா? செல்லின் சுவரில் குத்திட்டு நிற்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பிதான் அந்தக் காது. 1985இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, மூளைக் கட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பிக்கான மரபணு ஏகப்பட்ட பிரதிகளாகப் பெருகிக் கிடப்பதைக் காட்டியது. இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் டஜன் கணக்கில். மாமாவின் ரிப்போர்ட்டில் 'ஆம்ப்ளிஃபைடு' என்றிருந்தது இதைத்தான். கிளியோபிளாஸ்டோமாக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதில் இது உண்டு.

செல்லுக்குள் அதன் பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஒரு முறை போய் வந்தால் போதும். வாசலில் மனு வருகிறது. முதல் மேஜை முத்திரை குத்துகிறது. அந்த முத்திரையைப் பார்த்து அடுத்த மேஜை குத்துகிறது. கடைசியில் பெரிய அதிகாரியின் கையெழுத்து. செல்லில் முத்திரை என்பது பாஸ்பேட் என்ற சிறு ரசாயனத் துணுக்கு. ஏற்பி விழித்ததும் பி.ஐ.3.கே. என்ற மேஜை முத்திரை குத்தும். அதைக் கண்டு ஏ.கே.டி., பிறகு எம்-டார். எம்-டார் அசைந்தால் செல் புரதம் தயாரிக்கும், பருக்கும், பிரியும்.

நல்ல அலுவலகத்தில் முத்திரையை ரத்து செய்யவும் ஒருவர் இருப்பார். இங்கே அவர் பெயர் பி-டென். பி.ஐ.3.கே. குத்திய பாஸ்பேட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுவதே அவர் வேலை. 1997இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமாவில் மிக அடிக்கடி தொலைந்து போவதும் அதே குரோமோசோம்தான். அழிப்பவர் இல்லாத ஆபீசில் ஃபைல் நிற்பதே இல்லை.

சில கட்டிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. ஏற்பியின் வெளிப்பகுதி வெட்டுப்பட்டுப்போன ஒரு திரிபு, மனுவே வராமல் முத்திரை குத்திக்கொண்டிருக்கும். வாசல் மணியை யாரும் அழுத்தாமலேயே அது ஓயாமல் அடிப்பது போல. 2008இல் 206 கிளியோபிளாஸ்டோமா கட்டிகளை அலசிய அமெரிக்க மரபணு வரைபடத் திட்டம், இந்த ஏற்பி வழித்தடத்தில் ஏதாவது ஓர் இடத்தில் கோளாறு உள்ளவை 88 சதவீதம் என்று கண்டது. செல்லின் காவல்காரர் எனப்படும் பி53 வழித்தடத்தில் 87 சதவீதம்.

வழி தெரிந்தும் மறிக்க முடியவில்லை

வழித்தடம் தெரிந்துவிட்டது, மறித்துவிடலாம் என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. 2001இல் வந்த கிளீவெக் மாத்திரை ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஒரே ஒரு போலி முத்திரையை முடக்கி, சாகக் கிடந்தவர்களை வேலைக்கு அனுப்பியது. (இதே மருந்தின் காப்புரிமை 2013இல் நமது உச்ச நீதிமன்றம் வரை வந்தது நினைவிருக்கலாம்.) நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆரை முடக்கும் மாத்திரைகளும் பலருக்கு வேலை செய்தன.

மூளையில் அவை தோற்றன. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் உள்ளே விடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கட்டியே. ஒரே கட்டிக்குள் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் வெவ்வேறு ஏற்பிகளைப் பெருக்கி வைத்திருக்கின்றன. ஒரு வாசலை அடைத்தால் ஃபைல் இன்னொரு வாசலால் வரும். மணி தானாக அடிக்கும் திரிபைக் குறிவைத்து ஒரு தடுப்பூசி தயாரானது. 745 நோயாளிகள் சேர்ந்த பெரிய சோதனை 2016இல் நிறுத்தப்பட்டது. ஊசி போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 20.1 மாதம், போடாதவர்களுக்கு 20.0. இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டி மீண்டும் வந்தவர்களில் திசுவைச் சோதித்தபோது, ஊசி போட்டவர், போடாதவர் இரு தரப்பிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்தத் திரிபே காணாமல் போயிருந்தது. யாரும் துரத்தாமலே கட்டி உடையை மாற்றிக்கொண்டிருக்கிறது.

படிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. 1985 முதல் எத்தனை ஆண்டு, எத்தனை கோடி! மாமாவின் இரண்டாவது வரிக்கு, அதாவது ஈ.ஜி.எஃப்.ஆருக்கு, மருந்துக் கடையில் பதில் இல்லை.

ஆனால் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று சொல்வதும் சரியாகாது. ஒரே ஒரு மேஜையை நம்பிப் பிழைக்கும் மூளைக் கட்டிகளும் உண்டு. அவற்றில் முதல் வெற்றிக்குப் பின்னால் ஒரு இந்தியர் இருக்கிறார். பசிபிக் கடலின் நடுவே உள்ள ஈஸ்டர் தீவுக்கு 1964இல் போன கனடா நாட்டு மருத்துவக் குழு அங்கிருந்து மண் கொண்டுவந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரக்கும் பொருளை மான்ட்ரியலில் ஒரு மருந்து கம்பெனியில் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல். பஞ்சாபில், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு ஊரில் பிறந்து, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவர். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியை வைத்து மருந்துக்கு ராப்பாமைசின் என்று பெயரிட்டார். கம்பெனி மான்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடித் திட்டத்தைக் கைவிட்டபோது, சேகல் அந்த நுண்ணுயிரைத் தூக்கி எறியவில்லை. வீட்டு ஃப்ரீசரில் உணவுப் பொருள்களோடு வைத்துப் பாதுகாத்தார்.

அந்த மருந்து எந்த மேஜையை முடக்குகிறது என்பது 1991இல் சுவிட்சர்லாந்தில் ஈஸ்ட் செல்களை வைத்து வெளிப்பட்டது. கட்டுரையை எழுதிய மூவர் ஹைட்மன், மொவ்வா, ஹால். மேஜைக்கு 'டார்' என்று பெயர் வைத்தார்கள். பாலூட்டிகளில் அதுவே எம்-டார். டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற பிறவி நோயில் எம்-டாரைக் கட்டுப்படுத்தும் மரபணு பழுதாகி, குழந்தைகளின் மூளையில் செகா என்ற கட்டி வளரும். ராப்பாமைசினின் உறவினரான எவரோலிமஸ் மாத்திரையை 2010இல் அமெரிக்கா இதற்கு அனுமதித்தது. 117 நோயாளிகளை வைத்துச் செய்த அடுத்த சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதத்தினருக்குக் கட்டி பாதியோ அதற்கு மேலோ சுருங்கியது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. சேகல் அதைப் பார்க்கவில்லை. 2003இல் புற்றுநோயால் இறந்தார்.

எம்-டார் கிளியோபிளாஸ்டோமாவிலும் உண்டு. அதே மருந்து அங்கே பலிக்கவில்லை. மருந்து ஒன்று, மேஜை ஒன்று, கட்டிதான் வேறு. செகாவுக்கு வேறு வாசல் இல்லை.

மாறாதது ஏன் கெட்டது

மாமன் மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஐ.டி.எச். என்பது செல்லின் சமையலறையில் வேலை செய்யும் நொதி, சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வரிசையில் ஒன்று. புற்றுநோயோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. 2008இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 22 கிளியோபிளாஸ்டோமாக்களில் இருபதாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது இது அகப்பட்டது. திரிந்த நொதி 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேண்டாத பொருளைத் தயாரிக்கிறது. அது தேங்கி, செல்லை முதிர விடாமல் குழந்தையாகவே வைத்திருக்கிறது. அப்படிப் பிறக்கும் கட்டி பெரும்பாலும் இளைஞர்களிடம் வருவது, மெதுவாக வளர்வது. 2009இல் வந்த ஆய்வில், கிளியோபிளாஸ்டோமா என்று அன்று அழைக்கப்பட்டவர்களில் திரிபு உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம், இல்லாதவர்களுக்கு 15.

மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம். நோய்கள் வேறு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பெயரையே பிரித்துவிட்டது: திரிபு இருந்தால் அது கிளியோபிளாஸ்டோமா அல்ல, அஸ்ட்ரோசைட்டோமா. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரியவர்களிடம் வரும் சில கட்டிகள் மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும், ஐ.டி.எச். இயல்வகையாக இருந்து ஈ.ஜி.எஃப்.ஆர். பெருகியிருந்தால் அவை கிளியோபிளாஸ்டோமாதான்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். ஐ.டி.எச். திரிபை முடக்கும் வொராசிடெனிப் மாத்திரையின் சோதனை முடிவு 2023இல் வெளியானது. அறுவை சிகிச்சை முடிந்த, மெதுவாக வளரும் கட்டிகள் உள்ள 331 பேர். நோய் முற்றாமல் இருந்த காலம் மாத்திரையில் 27.7 மாதம், வெறும் மாத்திரையில் 11.1. அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. அங்கே ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு நம் பணத்தில் பல லட்சம். யாருக்கு இது பயன்படும் என்பதை ஒரு டெஸ்ட் இல்லாமல் சொல்ல முடியாது. மிகச் சாதாரணமான ஐ.டி.எச். திரிபு ஒன்றுதான், கட்டிகளில் காணப்படுவதில் பத்தில் ஒன்பது அந்த வகை. அதற்கு மெழுகிலிருந்து சீவிய ஒரு மெல்லிய ஏட்டில் சாயம் ஏற்றிப் பார்த்தாலே போதும். பெரிய சோதனைக்கூடம் வேண்டியதில்லை.

மாமாவுக்கு இந்த வழி இல்லை. அவருக்குக் கிடைத்தது மூன்றாவது வரி. பிரிட்டனில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த டெமோசோலமைட் மருந்து கட்டியின் டி.என்.ஏ.யில் மெத்தில் என்ற துணுக்கை ஒட்டிப் பாழாக்குகிறது. எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அதைப் பிடுங்கிப் போட்டுச் சரி செய்துவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவையே மெத்தில் துணுக்குகள் பூட்டியிருந்தால் ரிப்பேர்காரர் வர மாட்டார். 2005இல் 206 கட்டிகளைச் சோதித்தபோது 45 சதவீதத்தில் இந்தப் பூட்டு இருந்தது. பூட்டு உள்ளவர்கள் கதிர்வீச்சோடு டெமோசோலமைடும் எடுத்தபோது இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் என்றால் 15.3. பூட்டு இல்லாதவர்களுக்கு வித்தியாசம் ஒரு மாதத்துக்கும் குறைவு. இந்தியக் கம்பெனிகளே இம்மருந்தைத் தயாரிப்பதால் விலை மலையேறவில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் மாவட்ட எல்லை தாண்டி வேலூர்தான். நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. கட்டியைக் கத்தியால் எடுப்பதில் நமக்கு முக்கால் நூற்றாண்டு அனுபவம். எடுத்த கட்டியைப் படிப்பதிலும் நாம் கைகட்டி நிற்கவில்லை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற குமரவேல் சோமசுந்தரத்தின் குழு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், நிம்ஹான்ஸ் டாக்டர்களோடு சேர்ந்து இந்திய நோயாளிகளின் கட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. 2013இல் வெளியிட்ட ஆய்வில், என்.பி.டி.எக்ஸ்.2 என்ற மரபணு மெத்தில் பூட்டால் ஊமையாக்கப்படும் கட்டிகள் மூர்க்கமானவை என்று காட்டினார்கள். அந்த மரபணு பேசினால் நாம் முன்பு பார்த்த முத்திரை அழிப்பவர், பி-டென், வேலைக்கு வருகிறார். அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டவை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கொடுத்த துணுக்குகள்.

ஆகவே, ஒரு நடைமுறைத் தகவல். அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. சோதனை அங்கே செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளலாம். செய்யாவிட்டால் மெழுகுக் கட்டியை வாங்கி வேறு இடத்தில் கொடுக்கலாம். கேட்டால் தர வேண்டியதுதான். கேட்கலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பரம்பரையாக வருமா, செல்போனால் வந்ததா, யாராவது செய்வினை வைத்தார்களா என்றுதான் எங்கள் வீட்டிலும் முதலில் கேட்டார்கள். பெரும்பாலான கிளியோபிளாஸ்டோமாவுக்குக் குடும்பத்தில் முன்கதை கிடையாது. மகன் பயப்படக் காரணமில்லை என்று டாக்டர் சொன்னதும்தான் அத்தை அன்றைக்குச் சாப்பிட்டார்.

மாமா கதிர்வீச்சும் மாத்திரையும் முடித்து, கடலையும் போட்டார். ஒரு முழு மாங்காய்ப் பருவத்தைத் தோப்பில் நின்று பார்த்தார். இரண்டாவது பருவத்தில் மரம் பூத்திருந்தது. அவர் கட்டிலில் இருந்தார். 2024 மார்ச்சில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருபத்திரண்டாவது மாதம், இறந்தார்.

அஸ்தியைக் காளஹஸ்தியில் சுவர்ணமுகியில் கரைத்துவிட்டு வந்த வாரம், பெங்களூரிலிருந்து ஒரு கூரியர் வந்தது. சோதனைக்குப் போன மெழுகுக் கட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அத்தை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஆற்றோடு போனதே, இது மட்டும் ஏன் மிச்சம்?" என்று கேட்டார். ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாமா என்று மகன் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. பீரோவில் நிலத்துப் பட்டாதார் பாஸ் புத்தகத்தின் கீழே, அதே கைக்குட்டையில், இருக்கிறது.